அடுப்பறையில் வைத்த டயர்

என் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ஒரு பின் டயரால் நண்பர் ஒருவரின் வேலை போகப் பார்த்தது. அவர் டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர். வந்து சேரும் கொழுந்தை வாட்டி, அரைத்து, காயவைத்து, சலித்து, பெட்டியில் அடைப்பதுவரை எல்லாமே அவர் பொறுப்பு. ஆனால் அப்போது அவர் தற்காலிக டீமேக்கர்தான். ஓய்வுபெற்றுப் போனவரின் இடத்தை ஆறு மாதம் பார்த்துக்கொள்ளும்படி தோட்டத்து நிர்வாகியான துரை சொல்லியிருந்தார். ஆறாவது மாதம் ஜூலை. அதன் கடைசியில் வேலை நிரந்தரமானால், தொழிற்சாலைக்கு மேலே இருந்த இரண்டு அறை வீடு அவருக்குக் கிடைக்கும். நிரந்தரமாகாவிட்டால் பழையபடி உதவியாளர். உதவியாளருக்குத் தனி வீடு கிடையாது, இன்னொருவரோடு பங்குபோட்ட ஓர் அறைதான். அந்த வீட்டை நம்பித்தான் அவருடைய மனைவியும் ஐந்து மாதப் பெண் குழந்தையும் நோர்வூட்டில் மாமனார் வீட்டில் காத்திருந்தார்கள்.

நான் அப்போது தலவாக்கலையில் குடியிருந்தேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு தமிழ்த் தினசரிக்கு அந்தப் பகுதியின் நிருபர். துரைக்கு உதவியாக இருந்து சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னத்துரையிடம் வாங்கிய பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் டீமேக்கர் தலவாக்கலைவரை பஸ்ஸில் வருவார். அங்கிருந்து ஹட்டன் வழியாக நோர்வூட்டுக்கு என் பின்சீட்டில் வருவார். முழுவதும் பஸ்ஸை நம்பினால் மூன்று இடத்தில் மாறவேண்டும். போய்ச் சேர்கிற நேரத்தில் திரும்புகிற கடைசி பஸ் போயிருக்கும். ஆகவே குழந்தையின் முகத்தை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்ப்பதற்கு அவருக்கு என் வண்டிதான் வழி.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, டிக்கோயாவைத் தாண்டிய வளைவில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து தேயிலைச் செடிகளுக்குள் போய் நின்றது. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தைக்கு வாங்கிய மாவு டின் மட்டும் உருண்டு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் போனது. டீமேக்கர் அதை எடுத்து வந்து, துடைத்து, நசுங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு குனிந்து என் பின் டயரைப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து, நடுவில் நூல் தெரிந்தது.

"பேப்பர்க்காரரே, இது டயரா, வேட்டியா?" என்றார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் நோர்வூட்டுக்குப் போகவில்லை. மழை விடாமல் பெய்தது. நூல் தெரிகிற டயரில் ஆள் ஏற்ற எனக்கும் மனமில்லை.

அது அறுபதுகளின் தொடக்கம். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. ஹட்டனில் மோட்டார் சாமான் விற்கும் கடைக்கு முதலில் போனேன்.

"டயரு இருக்கு. லாரிக்கு இருக்கு, காருக்கு ரெண்டு இருக்கு. மோட்டார் சைக்கிளுக்கு இல்லீங்க. கப்பல் வந்தா வரும்" என்றார் கடைக்காரர்.

"கப்பல் எப்ப வரும்?"

"நீங்கதானே பேப்பர்க்காரரு. நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கிறேன்."

பழைய டயருக்கு மேல் புது ரப்பர் ஒட்டித் தரும் இடம் ஒன்று கண்டியில் இருந்தது. பாதி விலையில் முடியும் என்பதால் என் டயரைக் கழற்றி பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் விரலால் நூலைத் தடவிப் பார்த்தார். உள்ளே உடம்பு நன்றாக இருந்தால்தான் மேலே ரப்பர் நிற்கும். இதற்கு ஒட்டினால் வேகமாகப் போகும்போது உரிந்து வந்துவிடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். ஆறு மாதம் முன்னால் வந்திருந்தால் செய்திருக்கலாம் என்றும் சொன்னார். சிக்கனம் பார்க்கிறவன் செய்யும் தவறு இது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: கடைசி நூல்வரை ஓட்டிவிட்டால், மலிவான வழி முதலில் மூடிவிடுகிறது.

மூன்றாவது வழியைச் சொன்னவர் டீமேக்கர். அக்கரபத்தனையில் ஓய்வுபெற்ற பங்களா டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய துரை சீமைக்குப் போகும்போது மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டு, விற்காமல் மிச்சமான சாமான்களை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு புது டயரும் இருக்கிறது என்று லாரிக்காரர் ஒருவர் சொன்னாராம்.

ஜூலையின் இரண்டாவது ஞாயிறு காலை நான் நூல் டயரிலேயே, நடக்கிற வேகத்தில், அக்கரபத்தனைக்குப் போனேன். டிரைவரின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. டயர் சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கியது. கடையிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பழுப்புக் காகிதம் பாதி அப்படியே இருந்தது.

"பாத்துக்கங்கய்யா. தார் ரோட்டையே பாக்காத டயரு. இவரு என் வீட்டுக்கு வந்து எட்டு வருசம். மருமகன் வந்து ரெண்டு வருசம். ரெண்டு பேருமே இன்னும் ஒரு வேலையும் செய்யல" என்றார் டிரைவர்.

இறக்கி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தேன். பக்கவாட்டில் எழுதியிருந்த அளவு என் சக்கரத்தின் அளவுதான். ஓடும் பரப்பில் ரப்பர் கட்டம் கட்டமாக நின்றது. மண் ரோட்டுக்குப் பின்சக்கரத்தில் வேண்டியது அந்த மாதிரிதான். அச்சிலிருந்து எடுக்கும்போது வருகிற மயிர் போன்ற ரப்பர் இழைகள்கூட உதிரவில்லை. ஆகவே ஓடாத டயர் என்பது உண்மை. ஆனால் எட்டு வருடம் ஓர் ஆணியில் தொங்கியதால் வட்டம் போய், பேரிக்காய் வடிவத்துக்கு வந்திருந்தது. இரண்டு விளிம்புகளும் ஒட்டிக்கொண்டிருந்தன. கையால் விரித்துப் பார்த்தேன். மரத்தை விரிப்பதுபோல் இருந்தது. மடித்த இடத்தில் வெடிப்பு இல்லை. இளகவைத்தால் ஓடும் என்று முடிவு செய்தேன்.

நாற்பது ரூபாய் கேட்டார். இருபத்தைந்து என்றேன்.

"முப்பது குடுங்க. மிச்சத்துக்குப் பேப்பர்ல எழுதுங்க."

"என்னத்த எழுதணும் டிரைவரண்ணே?"

"மழ நாள்ல இந்த ரோட்டு பஸ்ஸு பாதி வழியில திரும்பிப் போயிருதுன்னு எழுதுங்க. சனங்க மழையில நடந்து வருது."

"உண்மையாவா?"

"நேத்தும் திரும்பிருச்சு. டீ கடையில கேட்டுப் பாருங்க."

"உண்மைன்னா சும்மாவே எழுதுவேன். டயருக்காக எழுத மாட்டேன்."

"அப்ப நாப்பதுதான்" என்றார் டிரைவர்.

அடுப்படியிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "எட்டு வருசமா அந்த ஆணியில ஒரு துணி காயப்போட வழியில்ல. ஐயா குடுக்கிறத வாங்கிக்கிட்டு அனுப்பி வைங்க!"

முப்பத்திரண்டு ரூபாய்க்கு முடிந்தது. பஸ் விஷயத்தைத் தேநீர்க் கடையிலும் தபாற்கந்தோரிலும் விசாரித்துக்கொண்டு, டயரைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொண்டு டயகமைக்குப் புறப்பட்டேன்.

தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோரு என்பார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை மணி. சனிக்கிழமைக் கொழுந்தைக் காயவைத்து முடித்து ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கொழுந்து பறிப்பதில்லை. ஆகவே திங்கட்கிழமை காயவைக்க ஒன்றும் இருக்காது. அடுத்ததாக அடுப்புக்கு வேலை, திங்கட்கிழமைக் கொழுந்து ஓர் இரவு வாடிய பிறகு, செவ்வாய் விடியற்காலையில்தான். டீமேக்கர் தன் பழுப்புக் கம்பளிச் சட்டையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலில் நின்றார். கையில் நோர்வூட்டுக்குக் கொண்டுபோக ஒரு பை.

"ஒரு மணிக்கு மாட்டிறலாம். ரெண்டு மணிக்குத் தலவாக்கலை. மூணரைக்கு நோர்வூட்டு" என்றார்.

சக்கரத்தைக் கழற்றி ஸ்டோருக்கு வெளியே தாழ்வாரத்தில் வைத்தோம். பழைய டயர் சிரமமின்றி வந்தது. சக்கர வளையத்தின் துருவை உப்புத்தாளால் தேய்த்தேன். கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் இருக்க, பழைய டியூபில் ஒரு பட்டையை வெட்டி வளையத்துக்குள் சுற்றினேன். டியூப் டயரோடு ஒட்டாமலிருக்க பவுடர் பூசவேண்டும். டீமேக்கரிடம் முகப்பவுடர் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஸ்டோருக்குள்ள முகப்பவுடரா? தேயிலை அத ஒரே நாள்ல குடிச்சிரும். பொம்பளைங்க தலையில பூ வச்சுட்டு வந்தாலே நான் வெளிய நிறுத்துவேன், தெரியுமில்ல?"

இது உண்மை. காய்ந்த தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். சல்லடை அறைப் பெண்கள் மல்லிகை வைக்கக் கூடாது, தலைக்குக் கனமாக எண்ணெய் தடவக் கூடாது, வெற்றிலையை வாசலில் துப்பிவிட்டு வாய் கொப்பளித்துத்தான் உள்ளே வரவேண்டும். இந்த விதிகள் முன்பும் இருந்தன; ஆனால் வாசலில் நின்று ஒவ்வொருவரையும் மோந்து பார்க்காத குறையாக நடத்தியவர் இவர்தான். நிரந்தரமாக வேண்டிய ஆறு மாதம் அல்லவா? கடைசியில் கரும்பலகையில் நேரம் எழுதும் சாக்கட்டிகள் இரண்டை நொறுக்கி டியூபுக்குப் பூசினோம்.

டயரின் ஒரு விளிம்பு எப்படியோ உள்ளே போனது. இரண்டாவது விளிம்பில் நின்றுவிட்டது. சவர்க்காரத் தண்ணீர் தடவினோம். இரண்டு இரும்பு நெம்புகளைப் போட்டு டீமேக்கர் ஒரு பக்கம் முழங்காலால் அழுத்த, நான் மறுபக்கம் நெம்பினேன். கடைசி ஒரு சாண் மட்டும் வரவில்லை. நெம்பு ஒன்று வளைந்தது. இன்னும் பலம் கொடுத்தால் டியூப் கிள்ளுப்பட்டுக் கிழியும்.

"குளிரு. ரப்பர் வெறச்சுப் போச்சு" என்றார் டீமேக்கர்.

மற்ற ஊர்களில் டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டால் போதும். எங்களுக்கு மூன்று வாரமாக வெயில் இல்லை. வெந்நீர் ஊற்றினோம், ஊற்றியவர் கேத்தலைக் கீழே வைப்பதற்குள் டயர் பழையபடி குளிர்ந்தது. மணி ஒன்றரை ஆனது. டீமேக்கர் நோர்வூட்டுப் பையைப் பார்த்தார். பிறகு ஸ்டோரைப் பார்த்தார்.

ஸ்டோருக்குள் சூடான இடம் ஒன்று இருந்தது: அடுப்பறை. அங்கே விறகு எரியும் பெரிய அடுப்பு. அந்த அடுப்பின் குழாய்களைச் சுற்றி வரும் சூடான காற்றை ஒரு காற்றாடி இழுத்துக் காயவைக்கும் இயந்திரத்துக்கு அனுப்பும். காலையில் எரிந்த கங்கு இன்னும் அணையவில்லை.

"வேணாங்க. தேயிலை?" என்றேன்.

"உள்ள தேயிலையே இல்ல. காத்தாடி நின்னுருச்சு. காத்து எங்கயும் போகாது. கதவ வெளிப்பக்கமா தொறந்து வச்சிக்கலாம்." தனக்குத்தானே விளக்குகிறவர்போல இன்னொரு முறையும் சொன்னார். "காத்தாடி நின்னுருச்சு."

டயரைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டுபோய் அடுப்புக்கு நாலடி தள்ளி நிறுத்தினோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிவிட்டோம். ஒரு மணி நேரத்தில் அறையில் சைக்கிள் கடை மணந்தது. டீமேக்கர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, சூடான டயரைச் சக்கரத்தோடு நெஞ்சோடு கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார். இந்த முறை நெம்புக்கு வேலையே இல்லை. கட்டைவிரலால் அழுத்தினோம், விளிம்பு வளையத்துக்குள் விழுந்தது. தோட்டத்து லாரியின் கால் பம்பால் காற்றடித்தோம். இரண்டு பக்கமும் டப், டப் என்று உட்கார்ந்தது. டியூப் கிள்ளுப்படவில்லை. சக்கரத்தைச் சுழற்றினால் ஆணியில் தொங்கிய இடத்தில் மட்டும் சிறிது எழும்பி விழுந்தது.

ஆனால் அதற்குள் மணி மூன்றே முக்கால். நோர்வூட்டுக்குப் போய்த் திரும்ப நேரமில்லை. டீமேக்கர் பையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

"பரவால்ல. அடுத்த ஞாயிறு பறந்துருவோம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தேயிலைப் பெட்டிகளை ரயிலில் ஏற்ற தலவாக்கலைக்கு வந்த தோட்டத்து லாரிக்காரர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். டீமேக்கரின் கையெழுத்து. 'தேயிலையில் டயர் வாசம். பன்னிரண்டு மணிக்குத் துரை ருசி பார்க்க வருவார். உடனே வாருங்கள்.'

புது டயரில்தான் போனேன். எழும்பி விழுந்த இடம் ஓரளவு சரியாகியிருந்தது. மண் ரோட்டில் பின்சக்கரம் ஒருமுறைகூட வழுக்கவில்லை. அதை ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை.

டீமேக்கர் ருசி பார்க்கும் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தில் இரண்டு நாள் தாடி. மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக இருந்தன. அன்று விடியற்காலையில் காயவைத்த தேயிலை முழுவதையும் சலிக்க விடாமல் ஒரு பக்கம் குவித்து மூடியிருந்தார்.

"காத்தாடி நின்னுருச்சுன்னு பேசினோமே. ஆனா அந்தக் குழாயெல்லாம்? வாசம் குழாய்ல ஒட்டிக்கிட்டு, இன்னிக்கு காத்தாடி போட்டதும் நேரா தேயிலைக்கு வந்துருச்சு. மோந்து பாருங்க" என்றார்.

ஒரு கைப்பிடி எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். மோந்தேன். ரப்பர் வாசம் இருந்தது. காயவைக்கும் இயந்திரத்தைப் பார்க்கிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் கண்ணை மூடி மோந்து, "தாரு மாதிரி இருக்குங்கய்யா" என்றார். டீமேக்கர் தேநீர் ஊற்றிக் காட்டினார். கோப்பையை அவரே என் வாய்க்கருகில் கொண்டுவந்தார். அதிலும் இருந்தது.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தேயிலை போடாத வெறும் வெந்நீர் ஒரு கோப்பை கேட்டேன். டீமேக்கர் ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினார். மோந்தேன்.

"வெறும் தண்ணியிலயும் ரப்பர் வாசம் அடிக்குதுங்க" என்றேன்.

இந்த இடத்தில் நாங்கள் இருவரும் நின்று யோசித்திருக்க வேண்டும். டீமேக்கர் யோசிக்கவில்லை, வெளிறிப் போனார்.

"அப்ப தண்ணித் தொட்டியும் கெட்டுப்போச்சு!" என்றார்.

நானும் அதை நம்பினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். தண்ணீர்த் தொட்டி ஸ்டோருக்கு மேலே நூறு அடி உயரத்தில் மலையில் இருந்தது.

மணி பதினொன்றரை. ஒரு நாள் தேயிலை வீணானால் ஒரு டீமேக்கர் தப்பிவிடலாம். ரப்பரை அடுப்பறைக்குள் கொண்டுபோனவர் என்று தெரிந்தால் தப்ப முடியாது. அதுவும் ஆறாவது மாதத்தில். துரையிடம் என்ன சொல்வது என்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். அப்போது சல்லடை அறையிலிருந்து ஒரு பெண் வாசலில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும்; அங்கே நீண்ட நாளாக வேலை செய்கிறவர். காலையிலிருந்து அவர்களுக்கு வேலை கொடுக்கவில்லை.

"ஐயா, சலிக்கவா, வூட்டுக்குப் போகவா? பொழுது போகுதுங்க."

"இரும்மா. தேயிலையில கோளாறு" என்றார் டீமேக்கர்.

"என்னா கோளாறுங்கய்யா?"

"வாசம்."

அந்தப் பெண் நேராகக் குவியலுக்குப் போனார். மூடியிருந்த சாக்கை விலக்கி, இரண்டு கையாலும் அள்ளி, முகத்தை உள்ளே வைத்தார். நிமிர்ந்தார். "இதுல ஒண்ணுமில்லீங்களே. நல்ல தேயிலை."

"நல்லா பாரும்மா" என்று டீமேக்கர் பக்கத்தில் வந்து, தன் கையால் ஒரு பிடி எடுத்து நீட்டினார். அந்தப் பெண் முகத்தைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு தேயிலையை விட்டுவிட்டு அவருடைய கையை, மணிக்கட்டை, கம்பளிச் சட்டையின் கையை, எட்ட இருந்தே மோந்துகொண்டு போனார். நெஞ்சுக்கு நேரே வந்ததும் நின்றார்.

"ஐயா," என்றார், "அது தேயிலை இல்லீங்க. உங்க கம்பளி."

டீமேக்கர் தன் சட்டைக் கையைத் தூக்கி மோந்தார். அந்தச் சட்டையோடுதான் சூடான டயரை நெஞ்சில் கட்டிப்பிடித்துத் தூக்கினார். குளிருக்காக அதையே மூன்று நாளும் போட்டிருந்தார். தேயிலையை நீட்டியதும் அந்தக் கை, கோப்பையை நீட்டியதும் அந்தக் கை, வெந்நீரைக் கொண்டுவந்ததும் அந்தக் கை.

"நாங்க ரெண்டு மொட்டு மல்லிகை வச்சா வெளிய நிறுத்துவீங்க," என்றார் அந்தப் பெண். "நீங்க முழு டயரையே உடுத்திக்கிட்டு வந்திருக்கீங்களே?"

அவருக்குப் பின்னால் சல்லடை அறை முழுவதும் சிரித்தது. ஆறு மாதச் சிரிப்பு அது. இயந்திரம் பார்க்கிறவர், தாரு வாசம் என்று சற்றுமுன் சொன்னவர், எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

டீமேக்கர் சட்டையைக் கழற்றினார். நான் அதை ரோட்டோரம் கொண்டுபோய்ப் போட்டேன். அவர் முழங்கைவரை சாம்பல் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். புதிதாகத் தேயிலை ஊற்றினோம். இந்த முறை அந்தப் பெண்ணே கோப்பைகளை எடுத்துவைத்தார். வெந்நீரில் ஒன்றுமில்லை. தேயிலையில் ஒன்றுமில்லை. சல்லடைகள் ஓட ஆரம்பித்தபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம்.

துரை வந்தார். ஒவ்வொரு கோப்பையாக உறிஞ்சி, துப்பி, அடுத்ததற்குப் போனார். கடைசிக் கோப்பையை வைத்துவிட்டு, நல்லது என்பதற்கு அவர் செய்கிற தலையசைப்பைச் செய்தார். பிறகு டீமேக்கரைப் பார்த்தார். அந்தக் குளிரில் ஒரு மெல்லிய சட்டையோடு டீமேக்கரின் பல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பளி எங்கே என்று கேட்டார்.

துவைக்கப் போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். டீமேக்கர் வேறு மாதிரி முடிவெடுத்தார். பின்னால் காரணம் கேட்டபோது, "சல்லடை அறையில இருபது பேருக்குத் தெரியும். நாளைக்கு அவங்களை வாசல்ல நிறுத்த எனக்கு வாய் வேணாமா?" என்றார். துரையிடம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது முழுவதையும், காத்தாடி, குழாய், கம்பளிவரை சொன்னார்.

துரை கேட்டுக்கொண்டே நின்றார். அடுப்பறைக்குப் போய், கதவைத் திறக்கச் சொல்லி, குனிந்து மோந்தார். வெளியே வந்து என் வண்டிக்கு முன்னால் குந்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். இளவயதில் அவரும் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. எழும்பி விழும் இடத்தில் விரல் வைத்து, காற்று கூடுதல், கொஞ்சம் குறைத்தால் இன்னும் சீக்கிரம் அமரும் என்று என்னிடம் சொன்னார். டீமேக்கரிடம் ஒன்றும் சொல்லாமல் காரில் ஏறிப் போனார்.

அதன்பிறகு வந்த நாட்கள் டீமேக்கருக்கு நல்ல நாட்கள் அல்ல. அடுத்த ஞாயிறு நோர்வூட்டுக்குப் போனோம். டயர் பிரமாதமாக ஓடியது. மனைவியிடம் வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு எழுந்தார்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில், தட்டச்சில் நாலு வரி: வேலை நிரந்தரம், சம்பளம் இன்னது, வீடு ஆகஸ்ட் முதலாம் தேதியிலிருந்து. அதற்குக் கீழே துரை தன் கையால், மையில், ஐந்தாவதாக ஒரு வரி எழுதியிருந்தார். அடுப்பறைக்குள் விறகைத் தவிர வேறெதுவும் கொண்டுபோகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நோர்வூட்டுக்குப் போனோம். முன்னறையில் உட்கார்ந்து டீமேக்கர் அதை மனைவிக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். ஐந்தாவது வரியையும் விடவில்லை.

"ஏன் அப்படி எழுதியிருக்காரு? நீங்க உள்ள என்னத்தக் கொண்டுபோனீங்க?" என்று மனைவி கேட்டார்.

டீமேக்கர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன்.

"டயரு" என்றார் டீமேக்கர்.

"டயரா? எதுக்கு?"

"வாராவாரம் இங்க வர்றதுக்கு."

மனைவி குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்து, குழந்தையின் துணிகளை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைக்க ஆரம்பித்தார்.

"இனி நீங்க வர வேணாம். சாமான் ஏத்த லாரி என்னைக்கு வரும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.